டாக்டர் வந்த வீடு

அத்தை பால் கொண்டுவந்திருந்தாள். குண்டூர் நாட்டிலிருந்து பஸ் மாறி, ஒரு சொட்டு சிந்தாமல் தூக்குப்போசியை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். பாதையிலேயே அழுகையைத் தொடங்கிவிட்டாள். வாசலுக்கு வந்தபோது முந்தானை வாயில் இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். என் அப்பா குழந்தைசாமி கட்டிலில் உட்கார்ந்து, வலது காலைத் தலையணைமேல் நீட்டி வைத்துக்கொண்டு களி தின்றுகொண்டிருந்தார்.

“அண்ணா, சோறு எறங்குதா உனக்கு?”

“கொழம்பு நல்லா இருந்தா எறங்குது. வா பொன்னம்மா, உக்காரு. போசில என்ன?”

“பாலு.”

“பாலா? எங்கூட்டு மாடு செத்தா போச்சு?”

அத்தை போசியை முதுகுக்குப் பின்னால் நகர்த்தினாள். அப்போதுதான் அப்பாவுக்குப் புரிந்தது. சாகக் கிடப்பவர் வாயில் சொந்தபந்தம் ஆளுக்கொரு கரண்டி பால் ஊற்றுவது வழக்கம். அந்தப் பால்.

“எனக்கு ஊத்தறதுக்கா கொண்டாந்த?”

“டாக்டரே ஊடு தேடி வாராங்கன்னு எங்கூரு சந்தைல பேசிக்கிட்டாங்க. நான் என்னத்தக் கண்டேன்? மனசு கேக்கல, ஓடியாந்தேன்.”

“ஓடியாந்தவ அப்படியே காப்பித்தூளும் வாங்கியாந்திருக்கலாம்” என்று அப்பா சிரித்தார். ஆனால் தட்டில் இருந்த மிச்சக் களியைத் தொடவில்லை.

வாழவந்தி நாட்டில் எங்கள் ஊர் ஒரு மேட்டில் இருக்கிறது. ரோட்டில் இறங்கி, கல் பாதையில் ஏறி வரவேண்டும். காய்ச்சல் வந்தாலும், கை முறிந்தாலும், பிரசவ வலி கண்டாலும் எல்லோரும் அந்தப் பாதையில் இறங்கிச் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் கிளினிக்குக்குப் போவார்கள். போய்விட்டு வந்தால் பிழைத்தவன் என்று அர்த்தம். வீட்டுக்கே டாக்டர் வருவது என்றால், கீழே பெரிய ஆஸ்பத்திரியில் கைவிரித்து அனுப்பிய கேஸுக்குத்தான். கடைசியாக ஒருமுறை நாடி பார்த்துச் சொல்வதற்கு. அதனால் இந்த ஊரில் டாக்டரின் ஜீப் ரோட்டில் நின்றால் “என்ன நோவு” என்று ஒருவரும் கேட்பதில்லை. “எப்பவாம்?” என்றுதான் கேட்பார்கள்.

அப்பாவுக்கு வந்தது சாகிற நோய் அல்ல. குச்சிக்கிழங்குக் காட்டில் வெட்டிய செடியின் கூரான அடிக்கட்டை ஒன்று உள்ளங்காலில் ஏறிவிட்டது. அவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி கிடையாது. செருப்பில் ரத்தத்தைப் பார்த்துத்தான் குத்தியதே அவருக்குத் தெரிந்தது.

முதலில் நாங்களும் கிளினிக்குக்குத்தான் போனோம். ‘முன்பதிவு தேவையில்லை, எப்போதும் வரலாம்’ என்று வாசலில் போர்டு வைத்திருந்தார்கள். நாங்கள் எப்போதும் வந்தோம். டாக்டர்தான் எப்போதாவது வந்தார். பெஞ்சில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, கால் வீங்கி, பிறகு உள்ளே போனால் கட்டைப் பிரிக்காமலே “சர்க்கரையைக் குறைங்க” என்பார். வெளியே ஒரு பெண் கட்டை மாற்றிவிட்டு நாளை மறுநாள் வரச் சொல்வாள். அந்த நாளை மறுநாளுக்கு அப்பா அந்தக் கல் பாதையில் அதே புண்ணை ஊன்றி இறங்கி, அதே புண்ணை ஊன்றி ஏறவேண்டும். மருந்து போட்டுக்கொள்ளப் போன ஒவ்வொரு நடையிலும் புண் பெரிதானது. எப்படி வந்தீர்கள் என்று அந்தக் கிளினிக்கில் ஒரு ஆள், ஒரே ஒரு ஆள்கூட, கேட்கவில்லை.

கோகிலவாணி டாக்டர் அடிவாரத்துக்காரர். பழைய ஜீப்பில் மலை ஏறி வந்து, நடமாட முடியாதவர்களை வீடு வீடாகப் பார்ப்பவர். ரோட்டு வளைவில் ஜீப்பை மறித்து அவரை நான்தான் கூட்டிவந்தேன். மூச்சு வாங்க மேடேறி வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் கட்டைப் பிரித்தார். போன் வெளிச்சத்தில் பார்த்தார், மோந்து பார்த்தார், குச்சி விட்டு ஆழம் பார்த்தார். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

“இந்தக் கால் தரையில பட்டா ஆறாதுங்க. நீங்க நடக்காம இருந்தா, நான் நடந்து வாரேன். நீங்க நடந்தீங்கன்னா என்னைக் கூப்பிடாதீங்க.”

“செரிங்க டாக்டரம்மா. நீங்க வந்தாப் போதும், நான் கட்டிலுக்குக் காவலு” என்றார் அப்பா.

டாக்டர் வாரம் ஒருமுறை வந்தார். மற்ற நாளில் அவர் சொன்னபடி நான் கழுவிக் கட்டினேன். கொல்லைக்குப் போக வர அப்பாவுக்குக் கக்கத்தில் ஊன்றும் கட்டை. பலாக்கொட்டை அளவு இருந்த புண் புளியங்கொட்டை அளவுக்கு வந்தது. ஓரத்தில் புதுத்தோல் வெளிர்ச் சிவப்பாக ஏறியது. எனக்கு இதற்கு மேல் எந்தச் சாட்சியும் தேவைப்படவில்லை. ஊருக்கு ஜீப்தான் சாட்சி.

பால் வந்த சில நாளில் ஊர்க்கவுண்டர் வந்தார். மருதாசலம் என்று பெயர், எங்கள் பங்காளி, எனக்குப் பெரியப்பா முறை. கூட இரண்டு பேர். உள்ளே வாருங்கள் என்றால் வரவில்லை. எங்கள் வாசற்படியை மிதிப்பதே ஆகாது என்பதுபோல் பலா மரத்தடியில் நின்றுகொண்டார்.

“கண்ணு, ஆத்தா கோயில் நோம்பி சாட்டியாச்சு. வார செவ்வாக்கெழம காப்பு.”

“தெரியுமுங்க பெரியப்பா.”

“காப்புக் கட்டிட்டா நோம்பி முடியற வரைக்கும் ஊருக்குள்ள சாவு உழுகக் கூடாது. உழுந்தா அத்தனையும் நின்னுபோகும். காப்புக் கட்டுனவன் எல்ல தாண்டி ராத்தங்கவும் கூடாது. உனக்குத் தெரியாததில்ல.”

“அதுக்கென்னங்க?”

“அப்பனைக் கீழ ஆசுபத்திரில சேத்துப்போடு. நோம்பி முடிஞ்சதும் கூட்டியாந்துக்கலாம்.”

“எதுக்குச் சேக்கோணும்? புண்ணு ஆறிக்கிட்டு வருதுங்க.”

“ஆறுதுன்னா டாக்டரு எதுக்கு ஊட்டுக்கு வாராங்க?”

கிண்டலாகக் கேட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். உண்மையாகவே கேட்டார்.

“நடந்தாப் புண்ணு ஆறாது, அதனால வாராங்க.”

“நடக்க முடியாதவன் எத்தன நாளைக்குத் தாங்குவான்? இவனுக்கு முந்தி சின்னுசாமி ஊட்டுக்கு டாக்டரு வந்தாங்க. மூணாம் நாளு தூக்குனோம்.”

“அவருக்கு ஈரல் போயிருச்சுங்க. எங்கப்பாவுக்குக் காலுல புண்ணு.”

“நல்லா இருக்கறவன் எல்லாரையும் போலக் கிளினிக்குக்குப் போவான் கண்ணு. நோம்பி நேரத்துல ஒண்ணு ஆச்சுன்னா ஊருக்கு நீயா பதில் சொல்லுவ? ராத்திரி வேலைய ஒழுங்காப் பாக்க முடியாம ஓடியாந்தவ, வந்துட்டா நாயம் பேச.”

கூட வந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். கோயம்புத்தூரில் இரவு முழுக்கப் போன் எடுத்து, முகம் தெரியாதவர்களிடம் திட்டு வாங்கி, ‘மன்னிக்கவும்’ என்று சொல்கிற வேலையில் இருந்தேன். விட்டுவிட்டேன். அதோடு மன்னிப்புக் கேட்கும் பழக்கமும் போய்விட்டது.

“எங்கப்பா எங்கயும் போகமாட்டாரு. நோம்பி உங்களுது, காலு எங்களுது. போயிட்டு வாங்க” என்றேன்.

உள்ளே அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் போனபோது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். “என் சொந்த ஊட்டுல இருக்கறதுக்கு அவங்கிட்ட அனுமதி வாங்கோணுமா?” என்று மட்டும் கேட்டார். அந்தக் குரலில் கோபத்தைவிட வெட்கம் அதிகம் இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. கோபம் இருந்தால் கட்டிலிலேயே இருப்பார். வெட்கம் ஆளை எழுப்பிவிடும்.

மறுநாள் பங்காளி வீட்டுப் பையன் வேல்முருகன் எங்கள் வேலியோரம் நின்று மூங்கில் புதரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். பாடை கட்ட ஊரில் நல்ல மூங்கில் எங்களிடம்தான் இருக்கிறது.

“என்னடா பாக்கற?” என்று அம்மா கேட்டாள்.

“சும்மா பாத்தனுங்க பெரியம்மா. நல்லா வளந்திருக்குது.”

“உன்ர தலையில வளரட்டும், போடா!”

விரட்டிவிட்டு வந்த அம்மா, என் அம்மா பாப்பாயி, அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: “காப்பன்னைக்கு ஒரே ஒரு தரம் போய் நின்னுட்டு வந்தா என்ன கண்ணு? அத்தனை பேரு வாயும் மூடிக்கும்.”

“வாயி மூடும். புண்ணு தொறக்கும்.”

டாக்டர் வந்த அன்று அப்பாவே கேட்டார். “கோயில் பக்கந்தானுங்க டாக்டரம்மா. மெதுவாப் போயிட்டு வந்துரட்டுமா?”

“ஒரு எட்டுகூட வேண்டாங்க. இன்னும் கொஞ்ச நாளுதான். அப்பறம் ஆத்தாவ நீங்க ஓடிப்போய்ப் பாருங்க.” 

திரும்பும் வழியில் அவர் ஊர்க்கவுண்டரைப் பார்த்து, இது உயிருக்கு ஆபத்தான நிலை இல்லை, நகர்த்தினால்தான் கெடுதல் என்று பொறுமையாக விளக்கிச் சொல்லியிருக்கிறார். “செரிங்க டாக்டரம்மா, செரிங்க” என்று துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்ட மனிதர், ஜீப் கிளம்பியதும் டீக்கடையில் சொன்னாராம்: “ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு டாக்டரே வந்து சொல்றாங்கன்னா, அப்ப முடிஞ்சுதுன்னு அர்த்தம்.”

காப்பு நாள் காலையில் நான் ரோட்டுக்கு இறங்கினேன். கட்டுத் துணியும் மருந்தும் அடிவாரத்து மருந்துக்கடையிலிருந்து பஸ்ஸில் கொடுத்துவிடுவார்கள், கண்டக்டரிடம் வாங்கிக்கொள்ள வேண்டும். பஸ் தாமதம். வாங்கிக்கொண்டு மேடேறும்போதே கோயிலில் மேளம் கேட்டது. வீட்டுக்கு வந்தால் கட்டில் காலி. ஊன்றுகட்டை சுவரில் சாய்ந்திருந்தது. அதைக்கூட எடுக்காமல் போயிருக்கிறார். கட்டையோடு போனால் நோயாளி என்பார்களாம்.

“நான் புடிச்சுப் பாத்தேன் கண்ணு, கைய ஒதறிட்டாரு” என்றாள் அம்மா. ஊருக்குத் திரும்பாமல் எங்களோடு தங்கிவிட்ட அத்தை என்னைப் பார்க்காமல் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

ஓடினேன். கோயில் எல்லைக் கல்லுக்கு வெளியே அப்பாவின் கால் கட்டு அவிழ்ந்து கிடந்தது. முந்தின நாள் நான் கட்டியது. ரத்தமும் நீரும் பட்ட துணியோடு ஆத்தா முன்னால் நிற்கக் கூடாது, தீட்டு என்று பூசாரி சொன்னாராம். யாரும் இவரைப் பிடித்து அவிழ்க்கவில்லை. சொன்னார்கள், இவரே குனிந்து அவிழ்த்துவிட்டார். திறந்த புண்ணோடு, வெறுங்காலோடு, ஜல்லி கொட்டிய தரையில் கோயிலைச் சுற்றிக்கொண்டிருந்தார். வலித்தால் நின்றிருப்பார். அவருக்குத்தான் வலிக்காதே. அவர் வைத்த ஒவ்வொரு அடிக்கும் ஜல்லியில் ஈரமாக ஒரு அடையாளம் விழுந்தது. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அவருடைய முகத்தைப் பார்த்தது, நடையைப் பார்த்தது. தரையை ஒருவரும் பார்க்கவில்லை.

“பாத்தியா கண்ணு? உங்கொப்பன் குதிர மாதிரி நடக்கறான். நீயும் டாக்டரும் சேந்து ஆளைப் படுக்க வெச்சிருந்தீங்க” என்று சொல்லிக்கொண்டே ஊர்க்கவுண்டர் தன் கையாலேயே அப்பாவின் மணிக்கட்டில் மஞ்சள் கிழங்கு முடிந்த காப்புக் கயிற்றைக் கட்டினார். அப்பா சுற்றிலும் பார்த்தார். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷத்தைக் கட்டிக் கொடுத்தவர்களை அங்கேயே அறைய வேண்டும்போல் இருந்தது.

வீட்டில் கழுவும்போது புண்ணுக்குள்ளிருந்து மண் வந்தது. பொடிக்கல் வந்தது. புதுத்தோல் ஒரு பக்கம் மடங்கித் தொங்கியது. அப்பா காப்பைத் தடவிப் பார்த்தபடி, “இனி எவனும் பேசமாட்டான்” என்றார். எவனும் பேசவில்லை. ஊர் வாய் மூடிக்கொண்டது. அடுத்து காய்ச்சல் வந்தது. பாதம் சுரைக்காய் மாதிரி வீங்கியது. விரல்கள் கறுத்தன. வாடை அடுப்படி வரைக்கும் வந்தது.

போன் போட்டதும் டாக்டர் வந்தார். நடந்தால் கூப்பிடாதீர்கள் என்று சொன்னவர்தான், ஆனாலும் வந்தார். கட்டைப் பிரித்தார். கெண்டைக்கால் வரைக்கும் சிவப்பாகக் கோடு ஏறியிருந்ததை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“இன்னைக்கே கீழ போவோணும். இனி ஊட்டுல வெச்சுப் பாக்க முடியாதுங்க. அறுத்துச் சுத்தம் பண்ணோணும். நாளைக்குன்னு விட்டா முழங்கால் வரைக்கும் போயிரும்.”

அம்மா துணிகளை மூட்டை கட்டினாள். அதற்குள் ஊர்க்கவுண்டர் நாலைந்து பேரோடு வந்து நின்றார். இந்தமுறை வாசல் வரைக்கும் வந்தார்.

“காப்புக் கட்டுன கையி கண்ணு. எல்ல தாண்டி ராத்தங்கக் கூடாது.”

நான் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். “ஆசுபத்திரில கொண்டுபோய்ச் சேருன்னு நீங்கதான சொன்னீங்க?”

“அது காப்புக்கு முந்தி.”

“இப்ப?”

“இப்ப என்ன? டாக்டரம்மாதான் ஊட்டுக்கே வாராங்களே. இங்கயே பாக்கட்டும். ஊட்டுல இருந்து பாக்கறதுக்கு மேல என்ன இருக்குது?”

“ஏனுங்க, உங்களுக்கு வெக்கமா இல்லையா? நல்லா இருந்தவர ஊட்டுல இருக்கக் கூடாதுன்னீங்க. டாக்டரு வந்தாலே பொணம்னீங்க. ஆறுன புண்ண ஜல்லில தேய்ச்சு நடக்க வெச்சீங்க. இப்ப அழுகிப்போனதும் ஊட்டுலயே கெடன்னு சொல்றீங்க. எங்கப்பா காலு உங்க நோம்பிக்கு நேந்துவிட்ட கெடாயா?”

“நான் நடக்கச் சொல்லல. அவனா வந்தான்.”

“நீங்க உட்ட பேச்சு நடத்துச்சு.”

“பொம்பளப் புள்ள வாயி ரொம்ப நீளுது குழந்தசாமி. காப்ப அறுத்தா ஆத்தா சும்மா உடமாட்டா. ஊரே அம்மைல படுக்கும். அப்பறம் என்னையக் கேக்கப்படாது.”

டாக்டர் குறுக்கே வந்தார். “அம்மை வந்தா நான் வந்து பாக்கறேனுங்க. இப்ப இவர உடுங்க.”

“நீங்க கீழ் நாட்டுக்காரங்க டாக்டரம்மா. எங்க வழக்கத்துல பேசாதீங்க.”

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது. அவர் ஊர்க்கவுண்டரைப் பார்த்தார், தன் மணிக்கட்டைப் பார்த்தார், கால் பக்கம் மட்டும் பார்க்கவில்லை. அந்த ஊரில் பிறந்து, அந்த ஆத்தாவுக்கு வருடா வருடம் காப்புக் கட்டியவர். அம்மை என்ற சொல்லுக்கு அவர் பயந்தது தெரிந்தது. அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. தூக்கிக்கொண்டுதான் போயிருப்பேன்.

கையை என் பக்கம் நீட்டினார்.

“குழலி, அறு.”

“சாமி குத்தம்டா!” என்றார் ஊர்க்கவுண்டர்.

“உசுரோட இருக்கறன்னு உனக்குக் காட்டத்தான், மருதாசலம், இதக் கட்டிக்கிட்டன். பாத்துட்டயில்ல? அறு கண்ணு.”

டாக்டரின் பையிலிருந்து கட்டுத் துணி வெட்டும் கத்தரியை எடுத்து அறுத்தேன். வந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தார்கள். காப்பை அறுத்தவனைத் தொட்டால் அவர்கள் காப்புக்கு ஆகாதாம். அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்தோம். பாடை தூக்கத் தயாராக இருந்த ஊரில் நாற்காலி தூக்க ஆள் இல்லை. முன்பக்கம் நானும் அம்மாவும், பின்பக்கம் டாக்டரும் அத்தையும் பிடித்தோம். அத்தை வேற்றூர், அவளுக்குக் காப்பு இல்லை. கல் பாதையில் அவள் மூச்சிரைத்துக்கொண்டே ஊர்க்கவுண்டரின் பரம்பரையைத் திட்டிக்கொண்டு வந்தாள். அவளும் அதே பரம்பரைதான் என்பதை அப்பா ஒருமுறை ஞாபகப்படுத்தினார். ஜீப்பில் அவர் காலை என் மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதன் சூடு புடவை வழியாகச் சுட்டது.

முன்பாதம் போனது. விரல்கள் அத்தனையும் போயின. குதிகாலும் அதற்கு மேலுள்ள காலும் மிஞ்சின.

அறுத்த டாக்டர் மறுநாள் வந்து பார்த்தார். இளவயதுக்காரர், கோபக்காரர். என்னைத்தான் பிடித்தார்.

“ஆறிக்கிட்டிருந்த புண்ணுன்னு கோகிலவாணி மேடம் சொல்றாங்க. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா மூடியிருக்கும். அதுக்குள்ள யாரு இவரை நடக்க விட்டது?”

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா படுத்தபடியே பதில் சொன்னார்.

“உசுரோட இருக்கறன்னு காட்டறதுக்குப் போனனுங்க.”

“யாருக்கு?”

“ஊருக்குங்க.”

டாக்டர் என்னைப் பார்த்தார். காய்ச்சலில் உளறுகிறாரா என்று கேட்கிற பார்வை.

“நெனவோடதான் பேசறாருங்க” என்றேன்.

நோம்பி நன்றாக முடிந்தது. யாருக்கும் அம்மை வரவில்லை. ஊருக்குள் சாவும் விழவில்லை. சாமி ஊர்வலம் போன வீடியோவை வேல்முருகன் அனுப்பியிருந்தான். அதற்குப் பின்னால் போனும் செய்தான். ஊர் கூடிப் பேசினார்களாம். காப்பை அறுத்த குற்றத்துக்கு எங்கள் வீட்டை அடுத்த வருடத்து நோம்பியிலிருந்து தள்ளி வைத்திருக்கிறார்களாம். எங்களிடம் நோம்பி வரி வாங்கமாட்டார்கள், கோயில் முறை கிடையாது, அப்பாவுக்குக் காப்பும் கிடையாது. “நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தனுங்க அக்கா” என்றான். அவன் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டான்.

அன்று முழுக்க அதை எப்படிச் சொல்வது என்று இருந்தேன். இதற்காகத்தானே நடந்தார். சாயந்திரம் அவர் கஞ்சி குடித்து முடித்ததும் சொல்லிவிட்டேன். ஒன்றையும் குறைக்காமல் சொன்னேன்.

அப்பா காலித் தம்ளரை என்னிடம் நீட்டினார்.

“அப்ப அடுத்த வருசம் எவனும் என்னைய நடந்து காட்டச் சொல்லமாட்டான்?”

“மாட்டானுங்கப்பா.”

“டாக்டரம்மா ஊட்டுக்கே வரலாம்?”

“வரலாம்.”

“செரி” என்று திரும்பிப் படுத்தார். “தலையணைய நல்லா ஒசத்தி வை.”